‘உயிரைப் பணயம் வைத்து’: ஆங்கிலத்தில் எந்தச் சொல்லைப் போடுவது? முழுமையான வழிகாட்டி

தமிழில் இருக்கும் மனுக்களையும் கள அறிக்கைகளையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவது என் வேலை. புதிதாகச் சேருகிறவர்கள் திரும்பத் திரும்பத் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. "ஆபத்தில் தள்ளினார்", "உயிரைப் பணயம் வைத்தார்" என்று ஒரு வரி வந்தால் உடனே இணைச்சொல் அகராதியைத் திறப்பார்கள். அதில் ரிஸ்க், என்டேஞ்சர், ஜெப்பர்டைஸ், இம்பெரில், காம்ப்ரமைஸ் என்று வரிசையாக நிற்கும். அதில் கொஞ்சம் கம்பீரமாகத் தெரிவதை எடுத்து வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள்.

ஒரு மனுவில் இப்படி இருந்தது: "ஒப்பந்ததாரர் கையுறைகூடத் தராமல் எங்களைச் செப்டிக் டேங்குக்குள் இறக்கினார். உயிரைப் பணயம் வைத்து வேலை பார்த்தோம்." புதியவர் இரண்டாவது வரியை "வி ரிஸ்க்டு அவர் லைவ்ஸ்" என்று முடித்திருந்தார். இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்த வரியை மட்டும் தனியாகப் படிக்கிற அதிகாரிக்கு, ஆபத்து தெரிந்தே இவர்கள் தாங்களாக இறங்கினார்கள் என்றுதான் தோன்றும். இறக்கியவர் காணாமல் போய்விட்டார்.

இந்த வகைச் சொற்களில் தவறு நடந்தால் பழி இடம் மாறிவிடும். அதனால்தான் இதற்கு மட்டும் ஒரு தனி வரிசை வைத்திருக்கிறேன். கீழே இருப்பது அந்த வரிசைதான். இடையில் ஒன்றைத் தாண்டிப் போகாதீர்கள், முன்னால் எடுத்த முடிவு இல்லாமல் பின்னால் வரும் படி வேலை செய்யாது.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு கற்போர் அகராதி. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் மூன்றுமே ஆங்கிலம் கற்பவர்களுக்கென்று தனி அகராதி வைத்திருக்கின்றன, எது கிடைத்தாலும் சரி. அதில் சொல்லின் பொருளைவிட அதன் கீழே இருக்கும் எடுத்துக்காட்டு வாக்கியங்கள்தான் நமக்கு வேண்டும். ஒரு வினைக்குப் பின்னால் என்ன வரும், எந்த முன்னிடைச்சொல் (ஆன், டு, வித் போன்ற சிறு சொல்) ஒட்டும் என்பது அங்கேதான் தெரியும்.

இணைச்சொல் அகராதி கூடவே கூடாது என்று சொல்லவில்லை. கடைசியில் திறந்துகொள்ளுங்கள். அது சொற்களை ஒரே பந்தியில் உட்கார வைத்துவிடும், யாருக்கு என்ன பரிமாற வேண்டும் என்று சொல்லாது.

அப்புறம், மூல வாக்கியம் முழுசாக வேண்டும். முந்தைய வாக்கியமும் பிந்தைய வாக்கியமும் சேர்த்து. தமிழில் எழுவாயை விட்டுவிட்டு எழுதுவது சகஜம், அது பெரும்பாலும் பக்கத்து வரியில்தான் ஒளிந்திருக்கும்.

2. முதலில் தமிழ் வாக்கியத்தை உடைப்பது

ஆங்கிலத்தைத் தொடும் முன்பே நான்கு கேள்விக்குப் பதிலைத் தாளில் எழுதிவிடுங்கள். ஆபத்தில் தள்ளியது யார்? ஆபத்தில் இருப்பது யாருடையது? அது உடம்பா, உயிரா, பணமா, பெயரா, ஒரு திட்டமா? தள்ளியவருக்குத் தெரியுமா, தெரியாதா?

மேலே சொன்ன மனுவுக்குப் பதில் போட்டுப் பாருங்கள். தள்ளியது ஒப்பந்ததாரர். ஆபத்தில் இருந்தது தொழிலாளியின் உயிர். ஒப்பந்ததாரருக்குத் தெரியுமா என்பது மனுவில் நேரடியாக இல்லை. அதை இல்லை என்றே எழுதிக்கொள்ள வேண்டும், நாமாக இட்டு நிரப்பக் கூடாது.

இதை ஏன் முதலில் செய்ய வேண்டும் என்றால், தமிழில் ‘பணயம் வைத்து’ என்பது இரண்டு வேலையையும் பார்க்கும். தீயில் புகுந்து குழந்தையைத் தூக்கி வந்தவரும் உயிரைப் பணயம் வைத்தார், வேறு வழியில்லாமல் குழிக்குள் இறங்கியவரும் உயிரைப் பணயம் வைத்தார். தமிழ் வாசகர் சூழலைப் பார்த்துப் புரிந்துகொள்வார். ஆங்கிலத்தில் அந்த வித்தியாசத்தை வினைச்சொல்லே சுமக்க வேண்டியிருக்கும்.

3. ரிஸ்க்: பின்னால் வருவது எது என்று பாருங்கள்

பெயர்ச்சொல்லாக எல்லோருக்கும் தெரிந்த சொல், வினையாக வரும்போதுதான் சிக்கல். ரிஸ்க் என்ற வினைக்குப் பின்னால் மூன்று விதமானவை வரலாம்.

ஒன்று, கையில் இருப்பது, கைவிட்டுப் போகக்கூடியது: "ஹி ரிஸ்க்டு ஹிஸ் லைஃப்". இரண்டு, வந்து சேரக்கூடிய கெடுதல்: "யூ ரிஸ்க் இன்ஃபெக்‌ஷன்", அதாவது தொற்று வரலாம். மூன்று, துணிந்து செய்யும் காரியம்: "ஐ கான்ட் ரிஸ்க் லீவிங் ஹிம் அலோன்", அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போகத் துணிய மாட்டேன்.

உயிரும் ரிஸ்க்குக்குப் பின்னால் வருகிறது, சாவும் வருகிறது: "ரிஸ்க் லைஃப்", "ரிஸ்க் டெத்". இரண்டும் சரி. முதலாவது போவது, இரண்டாவது வருவது. இது பிடிபட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

இங்கே நடக்கும் பிழைகளில் முதலிடம் "ரிஸ்க் டு லூஸ்" என்று எழுதுவதற்குத்தான். ரிஸ்க் வினைக்குப் பின்னால் இன்னொரு வினை வந்தால் அது ‘இங்’ விகுதியோடுதான் வரும்: "ரிஸ்க் லூசிங்". ‘டு’ போட்டால் தவறு, விதிவிலக்கே கிடையாது.

அடுத்த பிழை எழுவாயில். "கசிவு கிராமத்தை ஆபத்தில் தள்ளியது" என்பதை "த லீக் ரிஸ்க்டு த வில்லேஜ்" என்று எழுதக் கூடாது. கையில் இருப்பதைப் பணயம் வைக்க ஓர் ஆள் வேண்டும், கசிவுக்குக் கை இல்லை. ஆனால் "த லீக் ரிஸ்க்ஸ் பொல்யூட்டிங் த லேக்" என்று ஆங்கிலச் செய்தித்தாள்கள் எழுதும், அது சரி. அங்கே பின்னால் வருவது நடக்கக்கூடிய ஒரு விளைவு, ‘இங்’ விகுதியோடு. இந்த நுணுக்கம் கையில் வர ஒரு மாதம் ஆகும், அதுவரை உயிரில்லாத எழுவாய்க்கு ரிஸ்க்கை வினையாகப் போடாமல் இருங்கள், பிழை வராது.

மூன்றாவது, "டேக் ரிஸ்க்" என்று மொட்டையாக எழுதுவது. நம் பேச்சில் ‘ரிஸ்க் எடுக்காதே’ என்று சொல்லிச் சொல்லிப் பழகியதால் வருவது இது. ஆங்கிலத்தில் "டேக் எ ரிஸ்க்" அல்லது "டேக் ரிஸ்க்ஸ்".

4. பிறர் உயிர், உடம்பு என்றால் என்டேஞ்சர்

ஒருவர் செய்ததால் இன்னொருவர் உடம்புக்கோ உயிருக்கோ ஆபத்து வந்தால் கை முதலில் போக வேண்டிய சொல் என்டேஞ்சர். செய்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இந்தச் சொல்லில் இல்லை. ஆள் எழுவாயாக வரலாம், கசிவு வரலாம், உடைந்த கைப்பிடிச் சுவர் வரலாம்.

சட்டம் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணமும் அதுதான் என்று நினைக்கிறேன். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 336ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 125ஆவது பிரிவு இரண்டிலும், மனித உயிரையோ பிறர் பாதுகாப்பையோ என்டேஞ்சர் செய்யும்படி முன்யோசனையின்றியோ கவனக்குறைவாகவோ நடந்துகொள்வது என்றுதான் வருகிறது. வேண்டுமென்றே செய்தார் என்று காட்ட வேண்டியதில்லை, கவனக்குறைவே போதும். 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டமும் பயணிகளின் பாதுகாப்பு பற்றிய 153, 154 பிரிவுகளில் இதே சொல்லைத்தான் வைத்திருக்கிறது.

ஆகவே அதிகாரிக்கோ நீதிமன்றத்துக்கோ போகும் தாளில் பிறர் உயிர் சம்பந்தப்பட்டிருந்தால் என்டேஞ்சரை விட்டு நகராதீர்கள். ஒரே சொல் நான்கு முறை வருகிறதே என்று அழகுக்காக மாற்றுகிறவர்கள் உண்டு. அப்படி மாற்றினால் படிப்பவர் இது வேறு குற்றச்சாட்டோ என்று தேட ஆரம்பிப்பார்.

இங்கே ஓர் ஒப்பீடு. "ஹி ரிஸ்க்டு தேர் லைவ்ஸ்" என்றும் எழுதலாம், இலக்கணம் இடம் கொடுக்கும். ஆனால் அது அவர் தெரிந்தே அவர்கள் உயிரை வைத்துச் சூதாடினார் என்ற வாடையோடு வரும். மூலத்தில் அது இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் "ஹி என்டேஞ்சர்டு தேர் லைவ்ஸ்" அல்லது "புட் தேர் லைவ்ஸ் அட் ரிஸ்க்". இந்தக் கடைசித் தொடர் மிகப் பாதுகாப்பானது. எளிது, எல்லா வாசகருக்கும் புரியும், பழியையும் சரியான தோளில் ஏற்றும். சந்தேகமாக இருக்கும்போதெல்லாம் நான் போய் நிற்கும் இடம் இதுதான்.

விலங்கு, தாவரம் பற்றி எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. என்டேஞ்சர்டு என்பது அங்கே ஒரு வகைப்பாட்டின் பெயர். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் வல்னரபிள், என்டேஞ்சர்டு, கிரிட்டிக்கலி என்டேஞ்சர்டு மூன்றும் ஏறுவரிசைப் படிகள், மூன்றையும் சேர்த்துச் சொல்லும் பொதுப்பெயர் த்ரெட்டன்டு. நம் மாநில விலங்கான வரையாடு என்டேஞ்சர்டு படியில் இருக்கிறது. தமிழில் எல்லாவற்றையும் ‘அழிவின் விளிம்பில்’ என்று ஒரே வாளியில் போட்டு எழுதியிருப்பார்கள். எந்தப் படி என்று பட்டியலில் பார்க்காமல் மொழிபெயர்த்தால் தப்பாகிவிடும்.

5. வாய்ப்பு, வேலை, வழக்கு, விசா: ஜெப்பர்டைஸ்

உடம்பு இல்லை, ஆனால் பாடுபட்டுக் கட்டிய ஒன்று கெட்டுப்போகலாம் என்றால் ஜெப்பர்டைஸ். பேச்சுவார்த்தை, தேர்வு வாய்ப்பு, பதவி உயர்வு, நடந்துகொண்டிருக்கும் புலன்விசாரணை, இவைதான் இதற்குப் பின்னால் இயல்பாக வரும். மாணவர் விசாவில் போனவர் அனுமதிக்கப்பட்ட நேரத்தைத் தாண்டி வேலை பார்த்தால் விசாவுக்கு ஆபத்து. அங்கே "ஜெப்பர்டைஸ் யுவர் விசா" என்றுதான் வரும், என்டேஞ்சர் வராது. உயிரோடும் இந்தச் சொல் வரும், தவறில்லை. ஆனால் விசாவோடு என்டேஞ்சர் போட்டால் காதில் உறுத்தும்.

உச்சரிப்பில் ஒரு பொறி இருக்கிறது. எழுத்தில் ஜே, ஈ, ஓ என்று தொடங்குவதால் ‘ஜியோபர்டி’ என்று வாசிப்பார்கள். ஓ அங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறது, ‘ஜெப்பர்டி’ என்பதுதான் சரி. எழுதும்போது அந்த ஓவை மறந்துவிடுவது இதன் மறுபக்கப் பிழை.

பெயர்ச்சொல்லாக வந்தால் "இன் ஜெப்பர்டி". சட்டத்தில் "டபுள் ஜெப்பர்டி" என்று ஒன்று உண்டு, ஒரே குற்றத்துக்கு ஒருவரை இரண்டு முறை தண்டனைக்கு உள்ளாக்குவது. நம் அரசமைப்பின் 20ஆவது கூறின் இரண்டாம் உட்பிரிவு இதைத்தான் தடுக்கிறது. அதை ‘இரட்டை ஆபத்து’ என்று ஒருவர் நேராகப் போட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன், படித்தவருக்கு எந்த ஆபத்து என்றே புரியவில்லை. கலைச்சொல்லாக நிற்கும் தொடரைப் பிரித்துப் பொருள் சொல்லாதீர்கள்.

6. த்ரெட்டன்: எழுவாய் ஆளாக இருந்தால் தொடாதீர்கள்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். த்ரெட்டன் என்பதற்கு எழுவாயாக வருவது அந்த ஆபத்தே: வெள்ளம் ஊரை த்ரெட்டன் செய்கிறது, கடலரிப்பு குப்பத்தை த்ரெட்டன் செய்கிறது. இது வரை சரி.

ஆள் எழுவாயாக வந்த நொடியில் அது ‘மிரட்டினார்’ ஆகிவிடும். "ஒப்பந்ததாரர் தொழிலாளர்களின் உயிரை ஆபத்துக்கு உள்ளாக்கினார்" என்பதற்கு ஒரு வரைவில் "த கான்ட்ராக்டர் த்ரெட்டன்டு தேர் லைவ்ஸ்" என்று இருந்தது. இது கொலை மிரட்டல். மனுக்கொடுத்தவர் சொல்லாத குற்றச்சாட்டு அது. நாளைக்கு விசாரணையில் "எப்போது மிரட்டினார், என்ன சொல்லி மிரட்டினார்" என்று கேட்டால் அவர் முழிப்பார், அதற்கப்புறம் அவர் சொல்லும் உண்மையையும் நம்ப மாட்டார்கள்.

7. காம்ப்ரமைஸ், அண்டர்மைன், எக்ஸ்போஸ்

மூன்றுக்கும் தனித்தனி இடம் உண்டு.

காம்ப்ரமைஸ் நமக்குச் சமரசம் என்றே பழகிவிட்டது. ஆங்கிலத்தில் அதற்கு இன்னொரு முகம் உண்டு: முழுதாக இருக்க வேண்டியதில் ஓட்டை விழுவது. துரு பாலத்தின் வலிமையை காம்ப்ரமைஸ் செய்யும், கடவுச்சொல் வெளியே போனால் கணக்கு காம்ப்ரமைஸ்டு. கடைப் பலகைகளில் "நோ காம்ப்ரமைஸ் ஆன் குவாலிட்டி" என்று பார்த்திருப்பீர்கள். ‘ஆன்’ இருந்தால் விட்டுக்கொடுப்பது, ‘ஆன்’ இல்லாமல் நேராகச் செயப்படுபொருள் வந்தால் கெடுப்பது. ஒரே ஒரு ‘ஆன்’, அதை வைத்துக்கொண்டு இரண்டையும் பிரித்துவிடலாம்.

அண்டர்மைனுக்குத் தமிழிலேயே அழகான இணை இருக்கிறது: குழி பறிப்பது. சுவருக்கு அடியில் தோண்டுவதுதான் இதன் மூலப் படம். அதிகாரம், நம்பிக்கை, ஆதாரம், முயற்சி ஆகியவற்றோடு வரும். ஆளின் உயிரோடு வராது.

எக்ஸ்போஸ் போட்டால் ‘டு’ கூடவே வர வேண்டும்: "எக்ஸ்போஸ்டு தெம் டு டாக்ஸிக் கேஸ்". எதற்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார் என்று சொல்லாமல் "எக்ஸ்போஸ்டு தெம்" என்று விட்டுவிட்டால் அவர்களை அம்பலப்படுத்தினார் என்று பொருள் மாறிவிடும். நச்சுவாயு, கல்நார்த் தூசு, கதிர்வீச்சு, கடன்சுமை, இப்படிப் பெயர் சொல்லக்கூடிய ஒன்று இருந்தால் எக்ஸ்போஸ் மிக நல்ல சொல். என்ன ஆபத்து என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிடும்.

8. ஹசார்ட் வேறு, ரிஸ்க் வேறு, பெரில் வேறு

தொழிற்சாலை அறிக்கையோ, துப்புரவு வேலை பற்றிய மனுவோ, காப்பீட்டுத் தாளோ வந்தால் மட்டும் இந்தப் படி. மற்றவர்கள் வேகமாகப் படித்துவிட்டுப் போகலாம்.

தொழிற்பாதுகாப்பில் ஹசார்ட் என்றால் கேடு விளைவிக்கக்கூடிய பொருள் அல்லது நிலை. ரிஸ்க் என்றால் அதனால் கேடு நடக்கும் வாய்ப்பும், நடந்தால் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதும் சேர்ந்தது. செப்டிக் டேங்குக்குள் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு ஹசார்ட். மூடியைத் திறந்து காற்றோட்டம் விடாமல், வாயுவை அளந்து பார்க்காமல் ஆளை இறக்கும்போது ரிஸ்க் ஏறுகிறது. அழுகிய முட்டை வாடை அடிக்கும் வாயு அது, அளவு கூடினால் மூக்கையே மரக்கச் செய்துவிடும், வாடை போய்விட்டதே என்று நம்பி இறங்கினால் முடிந்தது. வாயு அங்கேயேதான் இருக்கிறது, கூட்டியது மனிதர் எடுத்த முடிவு. இரண்டு சொல்லையும் மாற்றிப் போட்டால் அந்த முடிவு எழுத்தில் மறைந்துவிடும்.

2013ஆம் ஆண்டில் வந்த, கையால் மலம் அள்ளும் வேலையில் ஆட்களை அமர்த்துவதைத் தடை செய்யும் சட்டத்தில் "ஹசார்டஸ் கிளீனிங்" என்று ஒரு தொடர் வரையறுக்கப்பட்டிருக்கிறது. பாதுகாப்புக் கருவியும் மற்றத் துப்புரவுச் சாதனங்களும் கொடுத்து, முன்னெச்சரிக்கைகள் கடைப்பிடிக்கப்படுவதை உறுதி செய்ய வேண்டிய கடமையை முதலாளி நிறைவேற்றாமல், சாக்கடையையோ செப்டிக் டேங்கையோ ஆளை வைத்துக் கையால் சுத்தம் செய்ய வைப்பதுதான் அது. 7ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. இந்தத் துறை மனுவில் ‘ஆபத்தான துப்புரவு வேலை’ என்று வந்தால் "டேஞ்சரஸ்", "ரிஸ்கி" எதுவும் வேண்டாம், சட்டத்தின் தொடரையே போடுங்கள். மனு நேராக அந்தப் பிரிவில் போய் உட்காரும்.

காப்பீட்டில் கணக்கு வேறு. பெரில் என்றால் இழப்பை உண்டாக்கும் நிகழ்வு: தீ, வெள்ளம், புயல். ஹசார்ட் என்றால் அந்த நிகழ்வின் வாய்ப்பைக் கூட்டும் நிலை: கிடங்கில் மண்ணெண்ணெய் பேரல்கள் அடுக்கி வைத்திருப்பது. இங்கே இணைச்சொல் என்று எதையும் மாற்றிப் போடவே கூடாது, இழப்பீடே அதில் தொங்குகிறது.

பேச்சில் ஹசார்ட் வினையாக வந்தால், "ஹசார்ட் எ கெஸ்" என்பதுதான் இன்று அதிகம் கேட்கும் ஒன்று. குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்லிப் பார்ப்பது.

9. தானாக வைக்கும் பணயம்: ஸ்டேக், கேம்பிள், வென்ச்சர்

தெரிந்து, விரும்பி, ஏதோ ஒன்று கிடைக்கும் என்று வைப்பது இந்தக் குடும்பம். ஸ்டேக்தான் நம் ‘பணயம்’. "ஸ்டேக்டு ஹிஸ் ரெப்யூட்டேஷன் ஆன் இட்" என்றால் தன் பெயரையே அதில் பணயம் வைத்தார், ‘ஆன்’ தவறாமல் வரும். "அட் ஸ்டேக்" என்றால் இந்த ஆட்டத்தில் போகவும் கூடும், நிற்கவும் கூடும் என்று இருப்பது.

கேம்பிளுக்கு ‘வித்’ போட்டால் பிறருடையதை வைத்து ஆடுவது, கண்டிக்கும் தொனி: "கேம்ப்ளிங் வித் பீப்பிள்ஸ் லைவ்ஸ்". ‘ஆன்’ போட்டால் ஒன்றை நம்பி இறங்குவது: மானாவாரி விவசாயி "கேம்பிள்ஸ் ஆன் த ரெயின்". ‘அவே’ போட்டால் ஆடித் தொலைத்தாயிற்று. வென்ச்சர் துணிந்து இறங்குவது, அதில் பழி இல்லை.

தொழிலாளி, நோயாளி, குழந்தை ஆகியோர் பற்றி எழுதும்போது இந்தக் குடும்பத்தில் எதையும் அவர்கள்மேல் போடாதீர்கள். அவர்கள் ஆட்டத்துக்கு வந்தவர்கள் இல்லை.

10. ஒட்டும் சிறு சொற்கள்

வினை சரியாக விழுந்த பிறகும் இங்கே சறுக்கும். "ரிஸ்க் ஆஃப்" என்றால் வரக்கூடிய கேடு, "ரிஸ்க் டு" என்றால் கேட்டுக்கு ஆளாகிறவர்: ரிஸ்க் ஆஃப் ஃபயர், ரிஸ்க் டு சில்ட்ரன். "அட் ரிஸ்க் ஆஃப் ஃப்ளடிங்" என்றால் வெள்ளம் வரக்கூடிய நிலையில் இருப்பது. நடுவில் ஒரு ‘த’ நுழைந்து "அட் த ரிஸ்க் ஆஃப்" ஆனால், இது நடந்தாலும் பரவாயில்லை என்று துணிந்து செய்வது. ஒரு சிறு ‘த’ வந்து பாதிக்கப்பட்டவரைத் துணிச்சல்காரராக்கிவிடும். எங்கள் வரைவுகளில் நான் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடும் பிழை இது.

வாகன நிறுத்தங்களில் "அட் ஓனர்ஸ் ரிஸ்க்" என்று எழுதி வைத்திருப்பார்கள், ரயில் பார்சல் சீட்டிலும் இந்தத் தொடர் உண்டு. இழப்பு வந்தால் உரியவரே ஏற்க வேண்டும் என்ற பொருளில் வருவது. பரஸ்பர நிதி விளம்பரத்தின் கடைசியில் வேகமாக ஓடும் "சப்ஜெக்ட் டு மார்க்கெட் ரிஸ்க்ஸ்" என்பதில் ‘சப்ஜெக்ட் டு’ என்றால் ‘உட்பட்டது’. இவை இரண்டும் உறைந்துபோன தொடர்கள், பிரிக்க வேண்டாம்.

அப்புறம் "டேஞ்சரஸ்". "குழந்தை ஆபத்தான நிலையில் இருக்கிறது" என்பதை "த சைல்ட் இஸ் டேஞ்சரஸ்" என்று எழுதினால் குழந்தையால் மற்றவர்களுக்கு ஆபத்து என்றாகிவிடும். "இன் டேஞ்சர்" என்று எழுதுங்கள், மருத்துவமனை என்றால் "இன் கிரிட்டிக்கல் கண்டிஷன்". இதே கதைதான் "ரிஸ்கி பேஷன்ட்ஸ்" என்பதிலும், வேண்டியது "அட் ரிஸ்க் பேஷன்ட்ஸ்".

11. தொனி

இம்பெரில் எழுத்துநடைச் சொல். தலையங்கத்துக்கு அழகு, மனுவுக்கு ஒட்டாது. பேச்சுத் தொடர்களில் "புட் ஆன் த லைன்" என்பது தன் வேலையையோ பெயரையோ தானே முன்வந்து வைப்பது, "ப்ளேயிங் வித் ஃபயர்" நம் ‘நெருப்போடு விளையாடுவது’ மாதிரியே. கட்டுரையில் ஒன்று வரலாம். அதிகாரிக்குப் போகும் தாளில் ஒன்றுகூட வேண்டாம், அங்கே மரபுத்தொடர் இருந்தால் மிகைப்படுத்துகிறார்கள் என்று எடுத்துக்கொள்வார்கள்.

12. கடைசிச் சோதனை: திரும்பத் தமிழில் சொல்லிப் பார்ப்பது

மூலத்தை மூடி வைத்துவிட்டு, ஆங்கில வாக்கியத்தை மனசுக்குள் தமிழில் திருப்புங்கள். இரண்டாம் படியில் தாளில் எழுதிய நான்கு பதிலும் அப்படியே வருகிறதா என்று பாருங்கள். ஏதாவது ஒன்று மாறியிருந்தால் வினைச்சொல்லைத்தான் சந்தேகப்பட வேண்டும், இலக்கணத்தை இல்லை. ஒரு பதில் கூடுதலாக வந்திருந்தாலும் தப்புதான். மூலத்தில் இல்லாத ‘தெரிந்தே’ என்பதை நம் இரக்கத்தினால் சேர்த்துவிடுவது எனக்கும் வரும் ஆசை, ஆனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பிடிப்பது அதைத்தான்.

அந்த மனுவுக்கு வருவோம். முதல் வரியில் ஒப்பந்ததாரர் எழுவாய், "சென்ட் அஸ் இன்டு த செப்டிக் டேங்க் வித்தவுட் ஈவன் க்ளவ்ஸ்" என்று நேராக முடித்தோம். இரண்டாவது வரியில்தான் நேரம் போனது. "ஹி என்டேஞ்சர்டு அவர் லைவ்ஸ்" என்று போட்டால் பழி சரியாக விழுகிறது, ஆனால் மனுவில் ‘வேலை பார்த்தோம்’ என்று தொழிலாளிகள்தானே பேசுகிறார்கள், அவர்கள் குரல் போய்விடுகிறது. பழையபடி "வி ரிஸ்க்டு" என்றால் குரல் நிற்கிறது, பழி போய்விடுகிறது. கடைசியில் "வி வேர் மேட் டு ரிஸ்க் அவர் லைவ்ஸ்" என்று வைத்தோம். எழுவாயும் அவர்கள்தான், உயிரும் அவர்களுடையதுதான், ஆனால் வைக்க வைத்தவர் ஒருவர் இருக்கிறார் என்பது வினையிலேயே இருக்கிறது. முதல் வரியில் ‘இறக்கினார்’ என்று மனுவே சொல்லியிருப்பதால் இது நாம் சேர்த்ததும் ஆகாது.

கையெழுத்து வாங்கும் முன் மனுக்காரரிடம் ஆங்கிலத்தைத் தமிழில் வாசித்துக் காட்டுவது எங்கள் வழக்கம், நீங்களும் செய்யுங்கள். இறங்கியவர்களில் மூத்தவர் வந்திருந்தார், விரல் நகங்கள் ஓரமெல்லாம் வெந்து கறுத்திருந்தன. "எங்கள் உயிரைப் பணயம் வைக்க வைத்தார்கள், அப்படித்தான் இதில் இருக்கிறது ஐயா, சரிதானா?" என்று கேட்டேன். "ஆமாங்க, நாங்க எங்க வச்சோம், வைக்க வச்சாங்க" என்று சொல்லிவிட்டுப் பேனாவை வாங்கிக்கொண்டார்.